ஸ்கேட்டிங் பழகும் மகளுக்கு முட்டி வலி, யாரைப் பார்க்கலாம்?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நாங்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ். மகளுக்கு 13 வயது. சன்வே பிரமிட் பனித்தளத்தில் ஸ்கேட்டிங், சனிக்கிழமை பரதம். இப்போது ஸ்கேட்டிங்கில் ஆக்சல் என்ற தாவலைப் பழகுகிறாள். முன்பக்கமாகத் தாவி, ஒன்றரைச் சுற்று சுற்றி, ஒற்றைக் காலில் பின்பக்கமாக இறங்க வேண்டும். உடல் எடையைப் போலப் பல மடங்கு அந்த ஒரு காலில்தான் இறங்குகிறது. ஒரு மாதமாக வலது முட்டி வலி. அரைமண்டி போட்டாலே முகம் சுளிக்கிறாள், கேட்டால் "ஒன்னுமில்லம்மா". பூட்ஸ் கயிறு அழுத்தும் இடம் வேறு காய்த்துப்போய்விட்டது. கிளினிக்கில் ஓய்வெடுக்கச் சொன்னதோடு சரி.

விளையாட்டுக் காயம் பார்க்கும் நல்ல பிசியோ யாராவது தெரியுமா?

அப்புறம் இன்னொன்று. ஸ்கேட்டிங் ஒற்றையர் போட்டியில் 2014-லிருந்து பாட்டு வரியோடும் ஆடலாம். இவளுக்குத் தில்லானாதான் வேண்டுமாம்! அதை இரண்டரை நிமிடத்துக்குத் தாளம் தப்பாமல் வெட்டித் தர ஆள் இருந்தால் சொல்லுங்கள்.