கோவில்வழி சர்க்கரை நோயாளர் குழுவை நிலைக்கச் செய்வது எப்படி?

பிளாக் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். மொரீசியசின் கிழக்கே, பிளாக் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் முருகன் கோவில் மாதர் குழுவில் இருக்கிறேன். நம் தீவில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. எங்கள் கோவில் பந்தியைப் பார்த்தால் அந்தக் கணக்கும் குறைவோ என்று தோன்றுகிறது. ஆகவே சென்ற ஆண்டு ஒரு குழுவைத் தொடங்கினோம். மருத்துவர் ஒருவர் வந்து உரையாற்றிய முதல் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். நான்காம் கூட்டத்தில் ஏழு பேர்தான் இருந்தோம், எழுவரும் பெண்கள்.

இந்த வேலையில் நான் இறங்கக் காரணம் என் மாமனார். காவடி விரதத்தின் ஆறாம் நாள், காலையில் வழக்கமான மாத்திரையை விழுங்கிவிட்டு, மாலைப் பூசை முடியும்வரை ஒன்றும் உண்ணாமல் இருந்தவர், சந்நிதியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, விரதம் என்று சொல்லிப் பத்து நாளும் மாத்திரையையே தொடவில்லை. அடுத்த கொடியேற்றத்துக்குள் இந்தக் குழுவை உருப்படியாக நடத்த வேண்டும் என்று துடிக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி, ரோஸ்ஹில்:

அன்புச் சகோதரிக்கு, உங்கள் மாமனார் நலமடைந்திருப்பார் என்று நம்புகிறேன். உரைகளை விட்டுவிடுங்கள், குழுவுக்குச் செய்வதற்கு வேலை கொடுங்கள்.

முதல் வேலை, கொடியேற்றத்துக்கு மூன்று வாரம் முன்பே ஒவ்வொருவரும் தம் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குச் செல்லும்படி பார்த்துக்கொள்வது. எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. மெட்ஃபார்மினை மட்டும் உட்கொள்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வயிறு காலியாக இருக்கிறது என்பதற்காக அவை ஓய்வதில்லை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. எந்த மருந்தை எந்த வேளைக்கு மாற்றுவது, எதன் அளவைக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது.

விரத நாளில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதித்து, பிறகு உணவு உண்ண வேண்டும். கருவி கைக்கு எட்டவில்லையென்றால் காத்திராமல் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியவருக்கு மட்டும் வாய்வழி எதையும் புகட்டாமல் ஆம்புலன்சை அழையுங்கள். விரதத்தை முறிப்பது பாவம் என்று அஞ்சுவோரிடம் அர்ச்சகரே முன்கூட்டிச் சொல்லி வைத்தால், அது என் போன்ற செவிலிகளின் பேச்சைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

அடுத்தது பாதம். இதைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் தகும். தைப்பூசம் நமக்குக் கொளுத்தும் கோடையில் வருகிறது. நீண்ட நாள் சர்க்கரையால் கால் மரத்துப்போனவர் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்கும்போது தோல் வெந்துகொண்டிருப்பதையே உணர மாட்டார். நான் பணியில் இருந்த காலத்தில், காவடி முடிந்து ஒரு வாரம் கழித்துச் சீழ் பிடித்த பாதங்களோடு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். வலித்திருந்தால் அவர்கள் மறுநாளே வந்திருப்பார்கள். காவடிக்கு முந்தைய நாளும், திரும்பிய உடனும், அதன்பின் ஒரு வாரமும் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் ஒருவர் மற்றவருக்குப் பார்த்துச் சொல்லட்டும். கொப்புளத்தைக் குத்தி உடைக்கக் கூடாது. பாதத்தில் உணர்வு இழந்தவர் என்று மருத்துவர் சொன்னவர்களுக்கு, காலணியோடு ஊர்வலத்தில் வர நிர்வாகக் குழு வெளிப்படையாக அனுமதி தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மொக்கா ஆசிரியர்:

செவிலி அம்மா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1987இல் நம் தீவில், பங்கீட்டில் கிடைத்த சமையல் எண்ணெய் பெரும்பாலும் பனை எண்ணெயாக இருந்த நிலையை மாற்றி, அரசு சோயா எண்ணெய்க்கு மாறியது. எந்த வீட்டுக்கும் போய் யாரையும் திருத்தவில்லை. 1992இல் மீண்டும் அளந்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7ஆக இறங்கியிருந்தது. சர்க்கரை நோய் அப்படிக் குறையவில்லை, உடற்பருமனோ கூடியது; ஆகவே எண்ணெயோடு வேலை முடிந்துவிடாது. ஆயினும், ஆளைத் திருத்துவதற்கு முன் அடுப்பைத் திருத்தலாம் என்பதை நாம் அதிலிருந்து கற்கலாம்.

உங்கள் கோவில் மடைப்பள்ளி ஒரே வேளையில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கிறது. நம் கோவில் விருந்தான ஏழு கறியில் பலாக்காயும் பூசணியும் கீரையும் பருப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. குறை நம் சமையலில் இல்லை, பரிமாறும் முறையில்தான் இருக்கிறது. கறிகளை முதலில் இலை நிறைய வைத்து, சோற்றை ஒரு கரண்டியோடு நிறுத்தி, வேண்டுவோர் கேட்டுப் பெறட்டும். பாயசத்தைச் சிறு கிண்ணத்தில் கொடுங்கள். வாழைக்காயைப் பொரிக்காமல் கறியாக்கலாம். "உனக்குச் சர்க்கரை, நீ உண்ணாதே" என்று எவரையும் பந்தியில் பிரித்துவைக்காதீர்கள். இலை எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

கூர்பிப் வாசகர்:

ஆண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால், என் அனுபவத்தைச் சொல்கிறேன். இத்தகைய குழு ஒன்றில் இரண்டு மாதம் இருந்து விலகினேன். அங்கே ஒவ்வொருவரின் சர்க்கரை அளவையும் எல்லார் முன்னிலும் உரக்கப் படித்தார்கள். அப்போது என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். தகப்பனுக்கு 14 என்பது மறுவாரமே ஊர் முழுதும் தெரிந்துவிட்டது. அளவு அவரவர் குறிப்பேட்டில் இருக்கட்டும், அதை நோயாளியும் செவிலியும் மட்டும் பார்க்கட்டும். கூட்டத்தைப் பகலில் வைத்தால் விடுதிகளிலும் தொழிற்சாலைகளிலும் முறைப்பணி செய்பவர்கள் எப்படி வருவார்கள்? வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு ஆண்கள் எப்படியும் கோவிலுக்கு வருகிறார்கள். அதற்கு அரைமணி முன்னால் இரத்த அழுத்தம் பார்த்தால் போதும்.

பிளாக் வாசகி:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அளவுகளை உரக்கப் படித்தவர்களில் நானும் ஒருத்தி, ஐயா. அது ஒருவரை இவ்வளவு காயப்படுத்தும் என்று நினைக்கவில்லை. இந்த வாரமே தனித்தனிக் குறிப்பேடுகள் வாங்குகிறேன். என் மாமனாரின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், அதில் கிளிக்லசைடு இருக்கிறது. திங்கட்கிழமை அவரையும் பக்கத்து வீட்டுப் பெரியவரையும் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறேன். காலணிப் பேச்சை நிர்வாகக் குழுவில் எழுப்பும்போது எதிர்ப்பு வரும். செவிலி அம்மா, பாதத்தைப் பற்றி இங்கே எழுதியதை அந்தக் கூட்டத்தில் படித்துக் காட்டத் தங்கள் அனுமதி வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலி, ரோஸ்ஹில்:

தாராளமாகப் படியுங்கள். கூட்ட நாளைச் சொன்னால் நானே பேருந்து ஏறி வந்துவிடுகிறேன்.