பார்மத் பக்கம் இருந்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

உப்புக்காற்று:
வேல்ஸில் பார்மத் என்ற கடலோர ஊருக்குப் போனவர்களுக்கு அந்த மரப்பாலம் தெரிந்திருக்கும். 1867-இல் திறந்தது, ரயிலும் போகும், ஓரமாக ஆளும் நடக்கலாம். பாலத்தின் தென்கரையில் மோர்ஃபா மௌதக் நிலையம். நவம்பர் சாயங்காலம், நான் மட்டும்தான். குளிருக்குக் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறேன், ரயில் வருகிறது. ஓட்டுநர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நானும் சிரித்தேன். ரயில் நிற்காமல் போயே போய்விட்டது! கைகாட்டினால்தான் நிற்கும் என்ற பலகையை அப்புறம்தான் பார்த்தேன். அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம். பாலத்தில் நடந்தே ஊர் சேர்ந்தேன், காற்றில் குடை போச்சு.

பிளாட்பாரம் நம்பர் 2:
இதில் ரயில் மேல் என்ன தப்பு? நம்மூர் பஸ்ஸையே கைகாட்டித்தானே நிறுத்துகிறோம். எனக்கும் ஒருமுறை அங்கே இறங்க முடியாமல் போயிற்று, கார்டிடம் முன்னாலேயே சொல்லவில்லை, அவ்வளவுதான். புதிதாகக் குடிபோகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கோடைக் கூட்டத்தை நம்பி வீடு பிடிக்காதீர்கள், குளிர்காலத்தில் பாதிக் கடை பூட்டியிருக்கும். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் அபெரிஸ்ட்வித் இல்லாவிட்டால் பாங்கர், இரண்டுமே காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. 2007-லிருந்து வேல்ஸில் மருந்துச் சீட்டில் எழுதித் தரும் மருந்துக்குக் காசே கிடையாது, இங்கிலாந்தில் இந்த வசதி உண்டா?

கடைவாய்ப்பல்:
சீட்டுக்குக் காசு இல்லை சகோ, சரி. சீட்டு எழுத ஆள் வேண்டாமா? ஜனவரியில் எனக்குப் பல்வலி. எந்தப் பல் மருத்துவரைக் கூப்பிட்டாலும் அரசு மருத்துவத் திட்டத்தில் புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்றார்கள். கன்னம் வீங்கி மருந்துக்கடைக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் வெல்ஷ் மொழியில் ஏதோ பேசிவிட்டு, என் பக்கம் திரும்பிச் சின்னப் புட்டி ஒன்றை நீட்டினார். திறந்தால் கிராம்புத் தைலம். எங்கள் ஆச்சி பல்லில் அடக்கச் சொல்கிற அதே கிராம்பு! கடையிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் இன்னும் வலி. "டியோல்க்" என்று வெல்ஷில் நன்றி சொன்னேன், அந்த வீக்கத்தில் எப்படிக் கேட்டதோ.

உப்புக்காற்று:
வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் நான் கேட்கவே இல்லையே. அந்த ஓட்டுநர் கையைத் தூக்கினாரே, ஏறுகிறாயா என்று கேட்டாரா, சும்மா வணக்கம் வைத்தாரா?