ஐரோப்பிய ஆற்றுக் கப்பல்: அப்பா அம்மாவோடு போக எந்த மாதம் சரி?

குலசேகரம்காரன்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வருஷம் அப்பா (71), அம்மா (66), நாங்கள் இரண்டு பேர், எட்டாவது படிக்கும் மகள், ஆக ஐந்து பேர் ஐரோப்பாவில் 7 இரவு ஆற்றுக் கப்பலில் போகலாம் என்று இருக்கிறோம். ஏஜென்ட் மூன்று தேதி தந்திருக்கிறார். ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரம் ஆம்ஸ்டர்டாமில் ஏறி பாசல் வரை ரைன் ஆற்றில். காலாண்டு லீவில் அதே வழி. இல்லாவிட்டால் டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைகள். செப்டம்பரில் போனவர்களை ஆற்றில் தண்ணீர் இல்லை என்று பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன். அவ்வளவு பெரிய ஆற்றில் அது எப்படி? அம்மாவுக்கு முட்டுவலி உண்டு, அதையும் பார்த்துச் சொல்லுங்க.

குளச்சல் மாலுமி

தம்பி, கேள்விப்பட்டது உண்மைதான். நம்ம கன்னியாகுமரியில் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்துகிறார்களே, அதே சங்கதிதான். கடலே கண்முன் கிடந்தாலும் படகுக்கு அடியில் ஆழம் வேணும்.

ரைனில் அந்த இடத்தின் பேர் கௌப். ஜெர்மனியில் மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் மலை நெருக்கும் இடத்தில், ஆற்றடி முழுக்கப் பாறை. அங்கே உள்ள அளவுகோலைப் பார்த்துத்தான் மொத்த ரைன் போக்குவரத்தும் முடிவாகும். அளவுகோலில் 80 செ.மீ. என்றால் ஆழமே 80 செ.மீ. என்று நினைத்துவிடாதீங்க. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றடியில் இல்லை. 80-ஐ ஒட்டி இருக்கும்போது கப்பல் போகும் தடத்தில் ஏறக்குறைய 1.9 மீட்டர் ஆழம் கிடைக்கும். பயணிகள் கப்பல் ஒன்றரை மீட்டர் அளவுக்கு முங்கி ஓடும். 2018 அக்டோபரில் அளவு 25 செ.மீ. வரை இறங்கியது, 2022 ஆகஸ்டில் 30-ஐ ஒட்டி வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்க, அடி தட்டத்தான் செய்யும்.

ஏன் செப்டம்பர், அக்டோபர்? ஆல்ப்ஸ் மலைப் பனி உருகி வரும் தண்ணீர் மே, ஜூனில் ஆற்றைத் தாங்கும். ஆகஸ்டோடு அது தளரும். அதற்குப் பிறகு மழையை மட்டும் நம்பித்தான் ஆறு. கோடை வறண்டு போன வருஷம் மாட்டிக்கொள்வது இந்த மாதங்கள்தான். எல்லா வருஷமும் இப்படி ஆகாது, ஆனால் ஆறு மாதம் முன்னாடி பணம் கட்டும்போது அது எந்த வருஷம் என்று யாருக்கும் தெரியாது.

அப்படி ஆனால் கம்பெனி என்ன செய்யும்? பாறைப் பகுதிக்கு அந்தப் பக்கம் இன்னொரு கப்பலை நிறுத்தி, பஸ்ஸில் கொண்டுபோய் மாற்றி ஏற்றும். அதுவும் இல்லையென்றால் கப்பல் கரையிலேயே நிற்கும், தினமும் பஸ்ஸில் ஊர் பார்க்கணும். பெரும்பாலான ஒப்பந்தத்தில் இதற்குப் பணம் திரும்பக் கிடையாது. ஏஜென்டிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "இதே வழியில் எதிர்த்திசையில் உங்கள் கம்பெனியின் இன்னொரு கப்பல் அதே வாரம் ஓடுதா?" ஓடுது என்றால் பெட்டியைக் கட்டி ஒருதரம் மாறினால் போச்சு.

காலாண்டு லீவுதான் தோது என்றால் ரைனை விட்டு மோசல் ஆற்றுக்குப் போங்க. கோப்லென்ஸில் இருந்து ட்ரியர் வரை 10 அணை, ஒவ்வொன்றிலும் கப்பலை ஏற்றி இறக்க லாக். தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பதால் வறட்சி அவ்வளவாகத் தொடாது. திராட்சை அறுவடையும் அப்போதான்.

தோவாளைப்பூ

மே முதல் வாரம் என்றால் ஆம்ஸ்டர்டாம் பக்கத்து டூலிப் பூ வயல் பற்றி ஒரு எச்சரிக்கை. ஏஜென்ட் காட்டும் படத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பாய் விரித்த மாதிரி வயல் இருக்கும். அந்தக் காட்சி ஏப்ரல் நடுவில்தான். நம்மூரில் பூவைப் பறிப்பது சந்தைக்கு. அங்கே வயல்காரருக்குக் காசு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில். செடியின் சத்து கிழங்குக்கு இறங்கட்டும் என்று, பூ விரிந்ததும் தலையை மட்டும் மெஷினால் கொய்து வரப்பில் தள்ளிவிடுவார்கள். இலை பச்சையாக நிற்கும், பூ இருக்காது. மே முதல் வாரம் போனால் பல வயல் அப்படித்தான்.

கெய்க்கன்ஹோஃப் தோட்டம் வேறு கணக்கு. மார்ச் நடுவாக்கில் திறந்து மே இரண்டாம் வாரம் வரை இருக்கும். முந்திப் பூப்பது, பிந்திப் பூப்பது என்று கிழங்குகளை அடுக்கடுக்காக நட்டிருப்பதால் மே ஆரம்பத்திலும் பூ உண்டு. அம்மா நடக்கவும் அங்கே பாதை சமமாக இருக்கும்.

ஏப்ரல் 27 ஆம்ஸ்டர்டாமில் அரசர் தினம் (ஞாயிறாக வந்தால் 26). நகரம் முழுக்கக் கூட்டம், நடுநகரில் டிராம் ஓடாது. பெட்டியோடு அன்றைக்குக் கப்பல் ஏறும் தேதியை எடுக்காதீங்க.

பார்வதிபுரம் பாலம்

டிசம்பர் வேண்டாம் என்பது என் கருத்து. சந்தைகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கொலோனில் அப்போ விடிய எட்டரை, நாலரைக்கு இருட்டு. ரைன் பயணத்தின் உயிரே பகலில் மேல்தளத்தில் உட்கார்ந்து கோட்டைகளைப் பார்ப்பது. குளிரில் அந்தத் தளத்தில் பத்து நிமிஷம் தாங்காது. சந்தை நடக்கும் பழைய வீதிகள் உருண்டைக் கல் பாவியவை. ஈரத்தில் வழுக்கும், முட்டுவலிக்காரருக்கு அதுதான் பெரிய பாடு. பெரும்பாலான ஜெர்மன் சந்தைகள் 23, 24-ஆம் தேதியோடு மூடிவிடும், ஆக "கிறிஸ்துமஸ் அன்று சந்தை" என்று யாராவது விற்றால் நம்பாதீங்க.

எந்த மாதமானாலும் ஒன்று: கூட்டமான துறைகளில் கப்பலை ஒட்டிக் கப்பலாக இரண்டு மூன்று சேர்த்துக் கட்டுவார்கள். கரைக்குப் போக அடுத்த கப்பலின் படிகளில் ஏறி இறங்கணும். லிஃப்ட் எந்தத் தளம் வரை போகுது, அம்மாவின் அறை எந்தத் தளம் என்று முன்னாடியே கேளுங்க. கீழ்த்தள அறையில் ஜன்னல் தண்ணீர் மட்டத்துக்கு சற்று மேலே இருக்கும், திறக்க முடியாது.

குலசேகரம்காரன்

ரொம்ப நன்றி. மே என்றே வைக்கிறோம். இப்போ அம்மா டான்யூப் ஆற்றைக் கேட்கிறார்கள். அதே மே மாதம் அதுவும் சரியா? விசாவுக்கு எப்போ போடணும்?

குளச்சல் மாலுமி

சரிதான், ஆனால் மே 25-க்குள் இறங்குகிற மாதிரி எடுங்க. டான்யூபில் சிக்கல் தண்ணீர் குறைவது மட்டுமில்லை, கூடுவதும்தான். 2013, 2024 இரண்டு வருஷமும் ஜூன் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாசா நகரில் வெள்ளம், 2013-ல் 12.89 மீட்டர். வெள்ளத்தில் கப்பல் மூழ்காது, பாலத்துக்கு அடியில் நுழைய முடியாமல் நிற்கும். வறட்சிக்குப் பயந்தால் நியூரம்பெர்க்கில் ஏறாமல் பாசாவில் ஏறி புடாபெஸ்ட் போங்க. இரண்டுக்கும் நடுவே ஸ்ட்ராபிங்–வில்ஸ்ஹோஃபன் பகுதியில் அணை கட்டாத, ஆழம் குறைந்த தடம் இருக்கு, அதைத் தவிர்த்துவிடலாம். மெல்க்–க்ரெம்ஸ் இடையிலான 36 கி.மீ. வாகௌ பள்ளத்தாக்கு பகலில் வருதா என்று பாருங்க.

விசா பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து போடலாம், குறைந்தது 15 நாள் முன். மே பயணத்துக்கு ஜனவரியிலேயே போட்டுவிடுங்க, கோடை லீவுக்கு எல்லாரும் அப்பாயின்ட்மென்ட் தேடுவார்கள். அதிக இரவு தங்கும் நாட்டின் விசாவுக்குத்தான் மனு. கப்பல் எந்த இரவு எந்த நாட்டில் நிற்கும் என்ற அட்டவணையைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்க. ரைன் வழியில் அது பெரும்பாலும் ஜெர்மனி. ஆனால் நீங்கள் முன்னாடி மூன்று நாள் ஆம்ஸ்டர்டாம் சேர்த்தால் எண்ணிக்கை நெதர்லாந்துக்குச் சாயலாம். அதை மறந்து வேறு நாட்டு விசாவுக்குப் போட்டால் மனு அங்கேயே நிற்கும். புடாபெஸ்டையும் தாண்டி பெல்கிரேடு போகும் கப்பல் என்றால் செர்பியா ஷெங்கனில் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இல்லை. வெளியே போய்த் திரும்ப நுழைய ஒரு நுழைவு விசா போதாது, பல நுழைவு என்று கேட்டுப் போடுங்க.