ப்ளோயரைக் கூட்டினால் அணையும் டிஸ்ப்ளே

என் காரில் மீட்டர் டிஸ்ப்ளேவும் ரேடியோவும் ஒரே நேரத்தில் அணைந்து, மறுநொடியே திரும்ப வரும் கோளாறு ஏறக்குறைய இரண்டு மாதங்கள் என்னை அலைக்கழித்தது. பெரும்பாலும் எஞ்சினைத் தொடங்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பாட்டுக் கேட்கும்போதும், சில நேரங்களில் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் இது நிகழ்ந்தது. பட்டறையில் இரண்டு முறை பார்த்தார்கள். இரண்டு முறையும் எஞ்சினை ஓடவிட்டே சோதித்ததால் அவர்கள் கண்ணில் எதுவும் படவில்லை. கடைசியில் மீட்டர் போர்டை முழுமையாக மாற்றிவிடலாம் என்றார்கள். ஓடிய தூரக் கணக்கு அதற்குள்தான் பதிவாகியிருக்கிறது என்பதாலும், சில கார்களில் திருட்டுத் தடுப்பு அமைப்பும் அதனுடன் இணைந்திருப்பதால் சாவியை மறுபடி பதிவு செய்ய நேரிடும் என்பதாலும் நான் சம்மதிக்கவில்லை.

முதலில் ஃப்யூஸைப் பார்த்தேன். அது நன்றாகவே இருந்தது. அடுத்து ரேடியோவின் பின்பக்கப் பிளக்கைக் கழற்றி, மஞ்சள் வயரில் மல்டிமீட்டரை வைத்தேன். 12.5 வோல்ட் காட்டியது. மின்சாரம் சரியாக வருகிறது, ரேடியோதான் பழுது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு தவறு. மல்டிமீட்டர் மின்சுற்றிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது என்பதால், வயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் அது முழு வோல்ட்டேஜைக் காட்டிவிடும். குழாய் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேகமாக வருகிறது என்று சொல்வதைப் போன்றது அது.

உண்மையான துப்பு பெட்ரோல் முள்ளிலிருந்து கிடைத்தது. ஏசிக் காற்றை உள்ளே தள்ளும் ப்ளோயரை நான்காம் நிலைக்குக் கொண்டுபோனதும், பெட்ரோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும் சேர்ந்தாற்போல் நகர்ந்தன. காற்றாடி சுற்றுவதால் டேங்கில் பெட்ரோல் கூடப்போவதில்லை. எனவே இவை அனைத்துக்கும் பொதுவான எர்த்தில்தான், அதாவது மின்னோட்டம் காரின் உடல் வழியே பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பில்தான், கோளாறு என்று தோன்றியது. எல்லாப் பிளக்குகளையும் பழையபடி மாட்டிவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை நீளமான வயர் மூலம் பேட்டரியின் நெகட்டிவிலும், சிவப்பு முனையை ரேடியோ பிளக்கின் பின்புறமாகக் கறுப்பு வயரிலும் வைத்தேன். ப்ளோயர் அணைந்திருக்கும்போது 0.2 வோல்ட், முழு வேகத்தில் 2.4 வோல்ட். நல்ல எர்த்தில் இது 0.1 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. ப்ளோயர் ஏறத்தாழ 12 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், இடையிலுள்ள மின்தடை வெறும் 0.2 ஓம்தான். மல்டிமீட்டரின் முனை வயர்களுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு மின்தடை இருக்கும் என்பதால், ஓம் அளவையில் வைத்துப் பார்த்திருந்தால் ஒன்றும் பிடிபட்டிருக்காது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் 14 வோல்ட் இந்த இழப்பை ஈடுகட்டிவிட்டதையும், அதனால்தான் பட்டறையில் கோளாறு தென்படவில்லை என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

இடது பக்கக் கால்வைக்கும் இடத்தில் தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கியபோது, அடியில் ஈரமாக இருந்தது. எர்த் போல்ட்டில் ஐந்தாறு கறுப்பு வயர்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. வளைய முனைகள் களிம்பேறிப் பச்சையாகியிருந்தன, ஒரு வயரின் உறை சூட்டில் பழுப்பேறியிருந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் துளையை உதிர்ந்த இலைகள் அடைத்துக்கொண்டதால், நீர் உள்ளே இறங்கியிருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, முனைகளையும் தகட்டையும் உப்புத்தாளால் பளபளப்பாகும்வரை தேய்த்து, இறுக்கி முறுக்கினேன். இப்போது முழு வேகத்திலும் 0.03 வோல்ட்தான். முள் அசைவதில்லை. துளையைச் சுத்தம் செய்ய ஆன நேரம்தான் அதிகம்.

* * *

மேலே உள்ள அனுபவத்தைப் படித்ததும் என்னுடையதையும் எழுதத் தோன்றியது. புதிதாக மாட்டிய ரேடியோ, சாவியை எடுத்தவுடன் சேமித்த நிலையங்களை மறந்துவிட்டது. நினைவகத்துக்கு எப்போதும் மின்சாரம் தரவேண்டிய மஞ்சள் வயரும், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெறவேண்டிய சிவப்பு வயரும் என் காரின் பிளக்கில் இடம் மாறியிருந்தன. சில கார்களில் தொழிற்சாலையிலேயே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் இரண்டையும் சேர்த்து நிரந்தர மின்சாரத்தில் இணைத்தேன். நிலையங்கள் நினைவில் நின்றன, ஆனால் நான்காம் நாள் பேட்டரி தீர்ந்து நின்றுவிட்டது. அளந்தபோது, காரைப் பூட்டி அரைமணி நேரம் ஆன பின்னும் 300 மில்லிஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. வழக்கமாக இது 50க்குள் இருக்கவேண்டும். சாவியை எடுத்த பிறகும் 12 வோல்ட் காட்டும் வயர் எது என்று பார்த்து, அதை ரேடியோவின் மஞ்சளோடும் மற்றதைச் சிவப்போடும் இணைத்ததும் இரண்டு தொல்லைகளும் ஒழிந்தன.

* * *

எனக்கு வந்தது எர்த் கோளாறு இல்லை. வெயிலில் நின்ற காரில் டிஸ்ப்ளே மங்கும். உள்ளே குளிர்ந்ததும் தெளியும். டாஷ்போர்டின் மேற்புறத்தை உள்ளங்கையால் அழுத்தினாலும் தெளியும். மீட்டர் போர்டைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தபோது, பிளக் முனைகளில் இரண்டைச் சுற்றி முடி அளவுக்கு வட்டமான விரிசல் தெரிந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தேன். கழற்ற நினைப்பவர்களிடம் ஒன்று சொல்லவேண்டும்: ஸ்டியரிங் பக்கம் ஏர்பேக் இருப்பதால், பேட்டரியைக் கழற்றியபின் தயாரிப்பாளரின் கையேட்டில் குறித்துள்ள நேரம் காத்திருந்துதான் உள்ளே கைவைக்க வேண்டும்.