துண்டு எங்கே இருக்க வேண்டும்?

கொடிமரம்:
திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே செல்வதை அடிமைத்தனம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சன்னிதியில் நிற்பவன், பதவியையும் பணத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டேன் என்று இறைவனிடம் சொல்லாமல் சொல்கிறான். இதில் அடிமைத்தனம் எங்கிருந்து வந்தது?

கரிசல்வாசி:
எழுதியவன் நான்தான். "ஒருவர்" என்று பூசி மெழுக வேண்டியதில்லை. சட்டையை விடுங்கள், துண்டுக்கு வாருங்கள். என் தாத்தா கோயிலில் துண்டை இடுப்பில் கட்டினார். நிலக்காரர் வீட்டு வாசலிலும் அதே துண்டை, அதே இடுப்பில், இடப்பக்கம் ஒரு முடிச்சாகக் கட்டினார். அந்தத் தெருமுனை வந்ததும் தோளிலிருந்து இறங்கிய துண்டு, திரும்பும்போது வாய்க்காலைத் தாண்டிய பிறகுதான் மீண்டும் ஏறும். மனிதனுக்கு மனிதன் பணிய ஏற்பட்ட வழக்கத்தைச் சன்னிதிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்தி என்கிறீர்கள்.

கொடிமரம்:
நிலக்காரர் வாசலில் துண்டைக் கக்கத்தில்தான் இடுக்குவார்கள். இடுப்பில் கட்டுவது தெய்வத்துக்கு மட்டுமே உரியது. கக்கத்துக்கும் இடுப்புக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் ஆகமத்தைப் பற்றிப் பேசுவதுதான் காலக்கொடுமை.

கரிசல்வாசி:
என் தாத்தாவின் இடுப்பைத் தாங்கள் எப்போது பார்த்தீர்கள்? நான் ஆகமம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. துண்டு இடுப்பில்தான் இருந்தது.

முல்லை:
இரண்டு ஐயாமாரும் பெண்களைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம். திருவிதாங்கூரில் மேலாடையின்றி நிற்பதே தெய்வத்துக்கும் மேல்சாதியினருக்கும் காட்டும் மரியாதை என்றிருந்தது. 1859இல் நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அரசாணை வந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை கூடவே வந்தது. இன்றோ திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் சுடிதாருக்கு மேல் வேட்டியைச் சுற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். அன்று திறந்தால் பணிவு, இன்று மூடினால் பணிவு என்றால் பணிவு துணியில் இருக்கிறதா, சொல்பவர் வாயில் இருக்கிறதா?

கொடிமரம்:
சகோதரி, அது வேறு விவாதம். இங்கே பேச்சு துண்டைப் பற்றியது. மக்காவுக்குச் செல்லும் ஆண்கள் தையலில்லாத இரண்டு வெள்ளைத் துணிகளை உடுத்துகிறார்கள். அரசனும் கூலிக்காரனும் அங்கே ஒன்று. அதை அடிமைத்தனம் என்று எழுதக் கரிசல்வாசிக்குத் துணிவு உண்டா?

கரிசல்வாசி:
அங்கே எல்லாருக்கும் ஒரே துணி. இங்கே ஒருவர் இடுப்பில் ஜரிகைக் கரை போட்ட பட்டு, அடுத்தவர் இடுப்பில் ஈரிழைத் துண்டு. சட்டை போனதால் மார்பில் கிடக்கும் பத்துச் சவரன் சங்கிலி இன்னும் நன்றாகத் தெரிகிறது என்பதைத் தவிர, கழற்றி வைத்த செல்வம் எது என்று விளக்குங்கள். பூணூல் இருக்கிறதா என்று பார்க்க ஏற்பட்ட வழக்கம் இது, இதைக் கைவிட வேண்டும் என்று 2024 டிசம்பரில் கேரளத்தில் நாராயண குரு நிறுவிய சிவகிரி மடத்தின் தலைவரே மேடையில் பேசினார், அவரும் பக்தியில்லாதவரா? 2016 ஜனவரி 1 முதல் தமிழகக் கோயில்களில் உடைக்கட்டுப்பாடு என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை பிறப்பித்த உத்தரவுகூட ஆண்களுக்குச் சட்டையும் பேன்ட்டும் போதும் என்றுதான் சொன்னது. அதற்கும் பிறகு தடை வந்துவிட்டது. சென்ற ஆண்டு திருநீறு விவாதத்திலும் தாங்கள் இப்படித்தான் மக்காவுக்குப் போனீர்கள், திரும்பி வரவேயில்லை.

கொடிமரம்:
திருநீறு விவாதத்தில் பாதியில் ஓடியவர் யார் என்பதைப் பழைய உறுப்பினர்கள் அறிவார்கள். கேட்டதற்கு விடை வரவில்லை: கக்கமா, இடுப்பா?

பழைய உறுப்பினர்:
என் நினைவில் ஓடியவர்கள் இருவருமே. அது போகட்டும், "சந்நிதி" என்பதல்லவா சரியான எழுத்து?

கொடிமரம்:
"சன்னிதி" என்றும் எழுதலாம். கரிசல்வாசியிடம் சான்றாக ஒரு புகைப்படமாவது உண்டா?

கரிசல்வாசி:
ஒன்றே ஒன்று உண்டு. ரேஷன் அட்டைக்காகப் பட்டணத்து ஸ்டுடியோவில் எடுத்தது. அதில் துண்டைத் தோளில் போட்டிருக்கிறார். அங்கே அவரைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

கொடிமரம்:
ஆக, இடுப்புக்குச் சான்றில்லை.

கரிசல்வாசி:
இடுப்பில்தான் கட்டினார்.