முக்கிய நடிகர் வராத நாளில் ஒரு ப்ராட்வே நாடகம்

நியூயார்க்கில் டஃபி சதுக்கத்தில் இருக்கும் டிகேடிஎஸ் கவுன்டரில் அன்றைய டிக்கெட்டைத் தள்ளுபடியில் வாங்கி, 45ஆம் தெருவில் ஒரு இசை நாடகத்துக்குப் போயிருந்தேன். ஞாயிறு மதியக் காட்சி. வாசலில் கொடுத்த ப்ளேபில் என்ற நாடக விவரப் புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு: கதாநாயகி இன்று வரவில்லை, பதிலுக்கு வேறொருவர். எனக்கு முன்வரிசையில் இருந்த தம்பதி அதைப் படித்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் ப்ராட்வேயில் ஒரு நாடகத்துக்கு வாரம் 8 காட்சிகள். எல்லாவற்றிலும் ஒரே ஆள் பாடி ஆடிவிட முடியாது. தொண்டை கட்டும், கணுக்கால் பிசகும். அதற்காகவே ஸ்விங் என்று சிலரை வைத்திருப்பார்கள். பெரும்பாலான நாட்களில் மேடை ஏறவே மாட்டார்கள். ஆனால் குழுவில் ஆடும் பலருடைய இடமும், அசைவும், பாட்டும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். இதைவிடக் கடினமான வேலை அந்தக் கட்டடத்தில் இல்லை என்றே நினைக்கிறேன்.

அன்று கதாநாயகிக்குப் பதிலாக வந்த பெண் முதல் பாட்டில் கொஞ்சம் தயங்கினார். இரண்டாவது பாட்டிலிருந்து அரங்கம் அவர் கையில். கடைசியில் எல்லோரும் வணங்கி நின்றபோது, சக நடிகர்கள் அவரை மட்டும் முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்று கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் நடிகர்கள் வெளியே வரும் பக்கவாசலில் போய் நின்றேன். கூட்டம் குறைவு. முதுகுப்பையோடு வந்த அந்தப் பெண் நின்று நிதானமாகப் பேசினார். காலையில்தான் தகவல் வந்ததாம். மேடையின் முன்விளிம்பில் நடுவில் சுழியம், இரண்டு பக்கமும் எண்கள் குறித்திருக்கும். எந்தப் பாத்திரம் எப்போது எந்த எண்ணில் நிற்கவேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாராம். ரயிலில் வரும்போது அதைத்தான் புரட்டிக்கொண்டு வந்தாராம்.

2021 டிசம்பரில் கொரோனாவால் காட்சிகள் வரிசையாக ரத்தானபோது ப்ராட்வேயைத் தாங்கியவர்கள் இவர்கள்தான். விண்டர் கார்டன் தியேட்டரில் 'தி மியூசிக் மேன்' நாடகத்தில் கதாநாயகி சட்டன் ஃபாஸ்டருக்குப் பதில் கேத்தி வொய்ட்கோ என்ற ஸ்விங் நடித்தார். முடிந்ததும் கதாநாயகன் ஹ்யூ ஜாக்மன் மேடையிலேயே அவரைப் புகழ்ந்து பேசிய காணொளி எங்கும் பரவியது.

பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: விளம்பரத்தில் நாடகத்தின் பெயருக்கு மேலே யார் பெயர் போட்டிருக்கிறதோ, அவர் வராவிட்டால்தான் பொதுவாகத் திருப்பித் தருவார்கள். சரி, வாங்கிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் ஒரு பேனாவோடு பக்கவாசலுக்குப் போய், பதிலுக்கு நடித்தவரை அவர் நடித்த பாத்திரத்தின் பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள்.