லீட்ஸ் மழையும் கூரை போட்ட கடைவீதிகளும்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் குளிர்காலத்தில் ஊர் சுற்றுவது என்றால் ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்கு ஓடுவதுதான். ஊரிலிருந்து வரும் உறவினர்களை நான் முதலில் அழைத்துப் போகும் இடம் பிரிகேட் தெருவில் உள்ள தார்ன்டன்ஸ் ஆர்கேட், அதாவது கூரை போட்ட கடைவீதி. 1878-இல் கட்டியது, இந்த ஊரின் முதல் ஆர்கேட். பழைய சத்திரம் ஒன்றின் முற்றம் இருந்த இடம் என்பதால் ஒடுங்கி நீண்டு கிடக்கும். அகலம் கிடையாது, உயரம்தான். கடைக்கோடியில் ஒரு கடிகாரம்: ஆங்கிலக் கதைகளில் வரும் ராபின் ஹூட், டக் சாமியார், ரிச்சர்ட் மன்னர், பன்றி மேய்க்கும் குர்த் என்று நான்கு ஆளுயரப் பொம்மைகள் நின்று மணி அடிக்கும்.

போன மாதம் என் சித்தப்பா அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பையோடு நின்றிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். ஆர்கேடைக் கட்டிய சார்லஸ் தார்ன்டன்தான் 1865-இல் ஒரு மதுக்கடையோடு சேர்த்து சிட்டி வெரைட்டிஸ் அரங்கத்தையும் கட்டியவராம். அது இங்கிருந்து கூப்பிடு தூரம். பாட்டுக் கச்சேரிக்கு வரும் கூட்டத்தைக் கடைக்கும், கடைக்கு வருவோரைக் கச்சேரிக்கும் திருப்பிவிட வசதிதானே! சித்தப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். "சரியான வியாபாரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

*

அந்த சிட்டி வெரைட்டிஸில்தான் பிபிசி 1953 முதல் 1983 வரை பழங்காலக் கச்சேரி நிகழ்ச்சி ஒன்றைப் படம்பிடித்தது. பார்வையாளர்களும் தொப்பி, இறகு, மீசை என்று அந்தக்கால உடுப்பிலேயே வந்து உட்காருவார்களாம். என்னோடு வேலை பார்த்த அம்மா ஒருவர் சின்ன வயதில் பாட்டியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு போனதை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

என் ஓட்டு கவுண்டி ஆர்கேடுக்குத்தான். உள்ளே நுழைந்ததும் ஏதோ நாடகக் கொட்டகையின் முகப்பில் நிற்கிற மாதிரி இருக்கும்: பளிங்குத் தூண்கள், குவிமாடம், மொசைக் ஓவியம். காரணம் இருக்கிறது. அதை வடிவமைத்த ஃபிராங்க் மாட்சம் நாடக அரங்குகள் கட்டியே பெயர் வாங்கியவர். லண்டன் பல்லேடியம், பிளாக்பூல் டவரின் நடனக்கூடம் எல்லாம் அவர் கைவேலை. இங்கேயும் அதே திட்டத்தில் எம்பயர் என்ற அரங்கத்தை 1898-இல் கட்டினார். அது 1961-இல் மூடிவிட்டது. இப்போது அந்த இடத்தில் நிற்கும் கடையில் கைப்பை விலையைப் பார்த்தால் நாமே நாடகம் போட வேண்டியதுதான்.

பக்கத்து குயின் விக்டோரியா தெருவுக்கு 1990-இல்தான் கூரை வந்தது. கண்ணாடி ஓவியக் கலைஞர் பிரையன் கிளார்க்கின் வண்ணக் கண்ணாடி. மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில் தரையெல்லாம் நீலமும் சிவப்புமாக விழும். அதற்காகவே காப்பியை மெதுவாகக் குடிப்பேன்.

*

கடைகள் போதும், படம் பார்க்கிறவர்கள் பக்கமும் வாருங்கள். மாணவர்கள் குடியிருக்கும் பகுதியில் ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ் இருக்கிறது, 1914-இல் திறந்த திரையரங்கு. சுவரில் கேஸ் விளக்குகள் இன்னும் எரிகின்றன, படம் ஓடும்போதும் மங்கலாக. இருட்டில் ஜோடிகள் எல்லை மீறக் கூடாது என்று அந்தக் காலத்தில் வைத்த ஏற்பாடு அது! எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் இதே வேலையை டார்ச் லைட்டோடு ஒரு ஆள் பார்த்தார்.

பழுதுபார்த்து 2023-இல் மறுபடி திறந்தார்கள். நிலவறையில் புதிதாகச் சின்னத் திரை ஒன்றும் இருக்கிறது. ஆனால் டிக்கெட் எடுக்கும்போது எந்தத் திரை என்று பார்த்து எடுங்கள். கேஸ் விளக்கும் மாடியும் பெரிய அரங்கில்தான். மாடியில் முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள். குடை மட்டும் நனையாத இடமாகப் பார்த்து வையுங்கள், திரும்பும்போது கட்டாயம் தேவைப்படும்.